மக்காத மண்ணே செல்வம்

சதுப்பு நிலம் கார்பனைச் சேமிக்கிறது என்று கேட்டதும், அங்கே செடிகள் செழித்து வளர்வதுதான் காரணம் என்று எண்ணத் தோன்றும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இலைகள் வாங்கிக்கொள்கின்றன. இலை கூடினால் சேமிப்பும் கூடும் என்பது எளிய கணக்கு. மரம் நடும் திட்டங்களுக்கு ஓரளவு பொருந்தும் இந்தக் கணக்கு சதுப்பு நிலத்தில் பிழையாகிவிடுகிறது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், உலக மண்ணிலுள்ள கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்கி நிற்கின்றன. உலகத்துக் காடுகளெல்லாம் தம் மரங்களில் வைத்திருப்பதைவிட இது அதிகம். பீட் என்பது பாதி மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காகப் படிந்த தாவரப் பொருள். தமிழில் முற்றா நிலக்கரி என்றும் குறிப்பிடப்படும் அதே பொருள்தான். வளர்ந்த தழையில் ஒரு சிறு பகுதி ஆண்டுதோறும் மக்காமல் நின்றுபோய், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இவ்வளவு சேர்ந்திருக்கிறது. எனவே சதுப்பின் கார்பனைப் பற்றிப் பேசுகிறவர்கள், எவ்வளவு வளர்கிறது என்பதற்கு முன்பாக எவ்வளவு மக்குகிறது என்று கேட்க வேண்டும். மக்கும் வேகத்தைத் தீர்மானிப்பவை நீர்மட்டமும் அந்த நீரில் கரைந்திருக்கும் ஊட்டச்சத்தும். இரண்டையும் வெவ்வேறு கோப்புகளில் வைத்துப் பார்க்கும் எந்த அரசும் இரண்டிலும் பாதி வெற்றியைத்தான் பெறும் என்பது என் வாதம். அதற்கு நூறாண்டுச் சான்றைத் தரும் இடம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள எவர்கிளேட்ஸ்.

முதலில் நீரின் வேலையைப் பார்ப்போம். ஊறுகாய் ஜாடியில் காய்க்கு மேல் எண்ணெய் மிதக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் வற்றிக் காய் வெளியே தெரிந்தால் பூசணம் பூத்துவிடும். சதுப்பில் நிற்கும் நீர் செய்வதும் அதே காவல்தான். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நீர் நிறைந்த மண்ணின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டருக்குள்ளேயே நுண்ணுயிரிகள் அந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன; அதற்குக் கீழே மக்குதல் மிகவும் தளர்ந்துபோகிறது. வேல்ஸ் நாட்டின் பேங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் 2001-இல் இதில் இன்னொரு நுட்பத்தை எடுத்துக்காட்டினார்கள். தாவரத்திலிருந்து கசியும் ஃபீனால் சேர்மங்களைச் சிதைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அந்தச் சேர்மங்கள் சேர்ந்துகொண்டே போய், மக்கச் செய்யும் மற்ற நொதிகளையும் முடக்கிவிடுகின்றன. டென்மார்க்கின் ஒரு பீட் சதுப்பில் 1950-இல் கிடைத்த, ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய மனித உடலின் முகத்தில் தாடி மயிர்கூடத் தெரிந்ததற்கு, காற்றுப் புகாத அமிலச் சதுப்பின் இந்தத் தன்மையே காரணம். நீர் இறங்கியதும் இந்த நிலை தலைகீழாகிறது. ஆக்சிஜன் உள்ளே வருகிறது, தடை விலகுகிறது, ஆயிரம் ஆண்டுப் படிவு நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது.

எவர்கிளேட்ஸ் உருவான விதத்தில் நீரும் வறுமையும் கலந்திருந்தன. ஓகிசோபி ஏரி மழைக்காலத்தில் தெற்குக் கரையைத் தாண்டி வழியும். அந்த நீர் பல பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே சரியும் சுண்ணாம்புப் பாறைத் தட்டின் மேல், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஃபுளோரிடா வளைகுடா வரை நகரும். ரம்பப் பற்கள் போன்ற விளிம்புடைய சாகிராஸ் என்னும் கோரை வகை அங்கே பரவி நின்றது. சுமார் 5,000 ஆண்டுகளாக அந்தக் கோரையின் வேரும் தாளும் நீருக்கடியில் படிந்து, ஏரியின் தெற்கே ஆளுயரத்தைத் தாண்டிய கறுப்பு மண்ணாயின. அந்த நீரில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மிக மிகக் குறைவு. பெரும்பகுதி மழை வழியாக வந்ததே. ஒரு லட்சம் லிட்டர் நீரில் ஒரு கிராமுக்கும் குறைவான அந்த அளவில் வாழப் பழகிய செடிகளும் பாசிப் படலங்களுமே எவர்கிளேட்ஸை எவர்கிளேட்ஸாக வைத்திருந்தன. பஞ்சத்தில் வளர்ந்த செடியின் தாள் கெட்டியானது. அதில் சத்து குறைவு, நார் அதிகம். நுண்ணுயிரிகள் அதை எளிதில் தொடுவதில்லை. மண்ணில் கார்பன் நிலைத்ததற்கு நீர் எவ்வளவு காரணமோ, இந்தச் சத்துக் குறைவும் அவ்வளவு காரணம். இதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை.

இந்த நிலத்தைப் பயனற்ற சேறு என்று கருதியவர்கள் அதை வடிக்கப் புறப்பட்டார்கள். 1905-இல் ஃபுளோரிடாவின் ஆளுநரான நெப்போலியன் போனபார்ட் பிராவர்டு, எவர்கிளேட்ஸை வடித்து விளைநிலமாக்குவதைத் தன் ஆட்சியின் பெரும்பணியாக்கிக்கொண்டார். கால்வாய்கள் வெட்டப்பட்டன, ஏரியின் தென்கரையில் ஊர்கள் எழுந்தன. 1928-இல் வீசிய சூறாவளியில் ஏரி கரையுடைந்து குறைந்தது 2,500 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பண்ணைத் தொழிலாளர்கள். அதன்பின் ஏரியைச் சுற்றி உயர்ந்த கரை கட்டப்பட்டது. 1948-இல் மத்திய அரசு இசைவளித்த மாபெரும் நீர்த்திட்டம் கால்வாய், மதகு, நீரேற்று நிலையம் என்று தெற்கு ஃபுளோரிடாவின் நீரோட்டத்தையே மாற்றி எழுதியது. ஏரிக்குத் தெற்கே சுமார் 2,800 சதுர கிலோமீட்டர் சதுப்பு, எவர்கிளேட்ஸ் வேளாண் பகுதி என்ற பெயரில் கரும்பும் குளிர்காலக் காய்கறியும் விளையும் நிலமானது. அந்தப் பகுதியிலுள்ள பெல் கிளேட் நகரம், தன் மண்ணே தன் செல்வம் என்பதைத் தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. அந்த நகரத்தின் ஆய்வுப் பண்ணையில் 1924-இல், ஏறத்தாழ 2.7 மீட்டர் நீளக் கான்கிரீட் தூண் ஒன்றைப் பாறை வரை இறக்கி, அதன் தலை தரையோடு தரையாக இருக்கும்படி நட்டார்கள். இன்று அந்தத் தூணில் 1.8 மீட்டருக்கும் மேல் வெளியே நிற்கிறது. இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1850-களின் தொடக்கத்தில் நட்ட இரும்புத் தூணைச் சுற்றி மண் நான்கு மீட்டர் இறங்கியிருக்கிறது. நாடும் தட்பவெப்பமும் வேறு, விளைவு ஒன்று.

அவ்வளவு மண்ணும் எங்கே போயிற்று? நீர் வடிந்ததால் மண் இறுகியது ஒரு பங்கு. வறண்ட ஆண்டுகளில் எரிந்தது ஒரு பங்கு. காற்று அள்ளிக்கொண்டு போனதும் உண்டு. ஆனால் பெரும்பங்கு நுண்ணுயிரிகள் தின்று மூச்சாக வெளிவிட்டது. அதாவது கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலந்தது. நீரும் சத்தும் ஒன்றோடொன்று பின்னியிருப்பது இங்கேதான் முதன்முதலில் தெரிகிறது. பீட் மக்கும்போது கார்பன் மட்டும் விடுபடுவதில்லை. அதற்குள் பூட்டியிருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்தே விடுபடுகின்றன. பெல் கிளேட்டின் கறுப்பு மண்ணில் கரும்புக்குத் தழைச்சத்து உரமே போட வேண்டியதில்லை என்று வேளாண் துறையினர் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுவே. மண்ணே அழிந்து பயிருக்கு நைட்ரஜன் தருகிறது. ஊர் பெருமைப்பட்ட வளம், நிலம் தன் முதலைக் கரைத்துக் கொடுத்த வளம். நீர்மட்டம் இறங்கியது என்பது வெறும் நீர்ச் செய்தியல்ல. அது ஊட்டச்சத்துச் செய்தியும்கூட. வடிகால் நீரில் அந்தச் சத்தும், மேலே இட்ட பாஸ்பரஸ் உரத்தின் மிச்சமும் சேர்ந்து தெற்கே இன்னும் சதுப்பாகவே இருந்த பகுதிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அங்கே நடந்ததை அறிவியலர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கால்வாய் நீர் நுழையும் இடங்களிலிருந்து தொடங்கி, சாகிராஸ் நின்ற இடங்களில் நம்மூர் ஏரிகளிலும் காணும் சம்பு வகை அடர்ந்து பரவியது. நீரின் மேல் விரிப்புப் போலக் கிடந்த பாசிப் படலங்கள் மறைந்தன. திறந்த நீர்வெளிகள் மூடிக்கொண்டன. அவற்றை நம்பியிருந்த மீனும் பறவையும் குறைந்தன. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் ஃபுளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய சோதனையில், இயற்கை அளவுக்கு மேல் லிட்டருக்கு வெறும் 5 மைக்ரோகிராம் பாஸ்பரஸைத் தொடர்ந்து சேர்த்ததே பாசிப் படலத்தைச் சில ஆண்டுகளில் சிதைக்கப் போதுமானதாக இருந்தது. 1988-இல் அமெரிக்க மத்திய அரசு ஃபுளோரிடா மாநில அமைப்புகள் மீது வழக்குத் தொடர்ந்தது. 1992-இல் உடன்படிக்கைத் தீர்ப்பு வந்தது. 1994-இல் மாநிலச் சட்டமன்றம் எவர்கிளேட்ஸுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்பு பின்னர் விதியாயிற்று. அந்த வரம்பை எட்டுவதற்காக 20,000 ஹெக்டேருக்கு மேல் செயற்கைச் சதுப்புகள் அமைக்கப்பட்டுள்ளன; வயல்நீர் அவற்றினூடே மெல்லக் கடந்து, பாஸ்பரஸைச் செடிகளிடமும் மண்ணிடமும் விட்டுவிட்டுத் தெற்கே போகிறது. சட்டமும் பணமும் அறிவியலும் இவ்வளவு நீண்ட காலம் ஒரே பொருளைக் குறிவைத்து உழைத்த சதுப்பு உலகில் வேறெங்கும் இருப்பதாகச் சொல்வது கடினம். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்றும் இதே எவர்கிளேட்ஸிலிருந்துதான் வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் டியூக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கிராஃப்டும் கர்ட்டிஸ் ரிச்சர்ட்சனும் பீட் வளரும் வேகத்தை அளந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் உச்சத்திலிருந்த அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் படிந்த சீசியம்-137 மண்ணில் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தால், அதன்பின் எவ்வளவு மண் மேலே சேர்ந்தது என்று கணக்கிட்டுவிடலாம். பாஸ்பரஸ் கலந்த இடங்களில் பீட் மெதுவாகவல்ல, வேகமாகவே சேர்ந்திருந்தது. கார்பனும் கூடுதலாகவே சேர்ந்திருந்தது. அப்படியானால் சத்து சேர்வது கார்பனுக்கு நல்லதுதானே, சம்புக்காட்டை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. அந்த அளவீட்டை நான் மறுக்கவில்லை. அதன் பொருளைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்கிறேன். சில பத்தாண்டுகளில் படிந்த மேலடுக்கை, பல நூற்றாண்டு மக்கி எஞ்சிய கீழடுக்கோடு ஒப்பிட்டால் மேலடுக்கு எப்போதும் பெரிதாகவே தெரியும். அது இன்னும் மக்கி முடியவில்லை. சத்து மிகுந்த சம்புத் தாள், சத்துக் குறைந்த சாகிராஸ் தாளைவிட விரைவாக மக்கக்கூடியது. அந்த அடுக்கு நிலைத்திருப்பது நீர் தொடர்ந்து நிற்பதை மட்டுமே நம்பியிருக்கிறது. ஒரு வறட்சி வந்து நீர் இறங்கினால் முதலில் கரைவது அதுவே. கரையும்போது தன் பாஸ்பரஸை நீரில் விட்டு, அடுத்த ஆண்டின் சம்புக்கும் தீனி போடுகிறது. மேலே இருந்து வரும் பாஸ்பரஸை முற்றிலும் நிறுத்தினாலும், மண்ணில் ஏற்கெனவே சேர்ந்தது பல ஆண்டுகளுக்கு இப்படிச் சுழன்றுகொண்டிருக்கும். தவிர, எளிதில் மக்கும் தழை கூடும்போது ஆக்சிஜன் இல்லாத மண்ணில் மீத்தேன் உற்பத்தியும் கூடுகிறது. சம்புவின் உட்துளைகள் வழியே அது நேராகக் காற்றுக்கு வருகிறது. எனவே சத்து எப்போதும் கார்பனைக் குறைக்கும் என்று சொல்வது தவறு. நீர் நிற்கும்வரை சத்து படிவைக் கூட்டலாம். ஆனால் அந்தப் படிவு நீர்மட்டத்தின் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்துக்கும் பலமடங்கு நொய்மையானது. இது சேமிப்பின் அளவைக் கூட்டி அதன் உறுதியைக் குறைக்கும் மாற்றம். சேமிப்பு என்ற சொல்லுக்கு உறுதியே உயிர்.

வேறு இடங்களின் சான்று இதை இன்னும் கூர்மையாக்குகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளம் தீவுப் பகுதி உப்புச் சதுப்பில் லிண்டா டீகன் தலைமையிலான குழு ஒன்பது ஆண்டுகள் ஓடைகளில் உரச்சத்தைக் கலந்து பார்த்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டது. புல் மேலே தழைத்தது. கீழே வேர் குறைந்தது. சத்து காலடியிலேயே கிடைக்கும்போது செடி எதற்காக வேரை நீட்ட வேண்டும்? மண்ணைக் கட்டியிருந்த வேர் குறைந்து, மக்குதல் கூடி, ஓடைக் கரைகள் விரிசல் விட்டுச் சரிந்து வெறும் சேறாயின. பார்க்கப் பச்சையாக இருந்த ஆண்டுகளிலேயே அந்த அழிவு அடியில் தொடங்கிவிட்டது. ஐரோப்பாவில், ஆலைகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் காற்றில் கலந்து மழையோடு இறங்கும் நைட்ரஜன் வெவ்வேறு அளவில் விழும் ஒன்பது நாடுகளின் பாசிச் சதுப்புகளை லூகா பிரகாசாவும் அவருடன் ஆய்ந்தவர்களும் ஒப்பிட்டு 2006-இல் எழுதினார்கள். நைட்ரஜன் அதிகம் விழுந்த இடங்களில், மக்குதலைத் தடுக்கும் ஃபீனால் சேர்மங்கள் பாசித் தழையில் குறைந்து, வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு கூடியிருந்தது. நீர் தரும் காவலைச் சத்து உள்ளிருந்தே தளர்த்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நைட்ரேட்டுக்கு இன்னொரு கேடும் உண்டு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சில நுண்ணுயிரிகள் நைட்ரேட்டைக் கொண்டே மூச்சு விடும். அப்போது நீரடியிலும் மக்குதல் நடக்கும். அதன் துணைப் பொருளாக, கார்பன் டை ஆக்சைடைப் போல 270 மடங்குக்கும் மேல் வெப்பம் கூட்டும் நைட்ரஸ் ஆக்சைடும் வெளிவரலாம்.

ஆனாலும் இரண்டில் எது முந்தியது என்று கேட்டால் நீர் என்றே சொல்வேன். பிரிட்டனின் சூழலியல், நீரியல் மையத்தைச் சேர்ந்த கிறிஸ் எவன்ஸும் பிறரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வேளாண்மைக்காக வடித்த பீட் நிலங்களில் நீர்மட்டத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்தும் ஒவ்வொரு முறையும், ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வெளியேற்றத்தைத் தவிர்க்கலாம் என்று கணக்கிட்டது. நீர் தரைக்கு 30 சென்டிமீட்டர் அடியில் வரும்வரை இந்தக் கணக்கு பொருந்தும். அதற்கு மேலும், தரைக்கு 10 சென்டிமீட்டர் அடிவரை உயர்த்தினாலும் நன்மையே. நீரை இறக்கினால் என்ன ஆகும் என்பதை இந்தோனேசியா தன் விலையைக் கொடுத்துக் காட்டியது. சுகார்த்தோ ஆட்சி மத்தியக் கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்க 1996-இல் கால்வாய்கள் வெட்டத் தொடங்கியது. மறு ஆண்டே எல் நினோ வறட்சி. வறண்ட பீட் மாதக்கணக்கில் புகைந்தது. 1997-இல் இந்தோனேசியா முழுவதும் எரிந்த பீட்டும் காடும் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கார்பனை வெளியிட்டதாக சூசன் பேஜ் குழுவினர் மதிப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் உலகம் ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியிட்டதில் 13 முதல் 40 சதவீதம் அது. அதற்காக நீர் எவ்வளவு கூடினாலும் நல்லது என்றும் கொள்ளக் கூடாது. எவர்கிளேட்ஸிலேயே கரைகளுக்கு நடுவே நீரை ஆழமாகத் தேக்கிவைத்த பகுதிகளில் மரத்தீவுகள் மூழ்கி அழிந்தன. செடியே செத்துவிட்டால் படிவதற்குத் தழை எங்கிருந்து வரும்? தரையை ஒட்டி நின்று, பருவத்தோடு மெல்ல ஏறி இறங்கும் நீரே வேண்டும்.

நீரை நிறுத்தினால் மீத்தேன் கிளம்புமே என்ற எதிர்ப்பு அடிக்கடி எழுகிறது. கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பம் கூட்டும். ஆனால் மீத்தேன் காற்றில் தங்குவது சுமார் 12 ஆண்டுகள். கார்பன் டை ஆக்சைடின் கணிசமான பகுதி பல நூற்றாண்டுகள் தங்கும். நீர் நிற்கும் சதுப்பு விடும் மீத்தேன் ஒரு நிலையான அளவை எட்டி அங்கேயே நிற்கிறது, பழையது அழியப் புதியது வருவதால். வடித்த பீட் விடும் கார்பன் டை ஆக்சைடோ ஆண்டுக்கு ஆண்டு முந்தையதன் மேல் ஏறிக்கொண்டே போகிறது. இந்த வேறுபாட்டை வைத்துக் கணக்கிட்ட ஜெர்மனியின் அன்கே குந்தர் குழுவினர், மீத்தேனையும் சேர்த்துப் பார்த்தாலும் வடித்த பீட் நிலத்தை மீண்டும் நனைப்பதைத் தள்ளிப்போடுவதே அதிக வெப்பத்தைத் தரும் என்று 2020-இல் காட்டினார்கள். இங்கேயும் சத்து குறுக்கே வருகிறது: உரம் ஊறிய வயலை நேராக மூழ்கடித்தால் மீத்தேன் கூடுதலாகவே வரும். ஆகவே மீத்தேன் அச்சம் நீரைத் தடுப்பதற்கான வாதம் அல்ல. நீரோடு சத்தையும் கவனி என்பதற்கான வாதம்.

தமிழ் வாசகருக்கு இயல்பாகவே இன்னொரு ஐயம் எழும். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள். அப்படி வயலை இடையிடையே காயவிட்டால் மீத்தேன் கணிசமாகக் குறைகிறது என்று வேளாண் அறிவியலும் ஏற்கிறது. வயலுக்கு நல்லது சதுப்புக்கு மட்டும் ஏன் கேடு? நம் நெல்வயலின் மண் பெரும்பாலும் களியும் வண்டலும். அதில் உள்ள கரிமப் பொருள் சில சதவீதமே. காயவிட்டால் இழப்பதற்குப் பெரிய படிவு எதுவும் இல்லை. தடுக்க வேண்டியது மீத்தேனை மட்டுமே. பீட்டில் மண்ணே கரிமப் பொருள். அதைக் காயவிடுவது, சிறு கசிவை நிறுத்த வேண்டிப் பெரும் படிவையே காற்றுக்குக் கொடுப்பதாகும். ஒரே செயல், மண்ணின் இயல்புக்கேற்ப நன்மையாகவும் தீமையாகவும் மாறுகிறது. மண்ணைப் பார்க்காமல் ஒரு விதியை ஊரெங்கும் சொல்வது ஆபத்து.

இப்போது எவர்கிளேட்ஸின் இன்றைய கொள்கைக்கு வருவோம். 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட மறுசீரமைப்புத் திட்டத்தின் மையம் நீர். தெற்கே பூங்காவுக்கு நீர் போதவில்லை. கடலோரத்தில் உப்பு ஏறி, பீட் அடியோடு அமுங்கிச் சிதையும் இடங்களும் இருக்கின்றன. மறுபுறம், ஓகிசோபி நிரம்பினால் நீரைக் கிழக்கே செயின்ட் லூசி, மேற்கே கலூசஹாட்சி ஆகிய ஆறுகள் வழியே கடலுக்கு விட்டுவிடுகிறார்கள். அந்தக் கழிமுகங்களில் பாசி பெருகி மீனவர்களும் ஊர்க்காரர்களும் அவதிப்படுகிறார்கள். அந்த நீரைத் தெற்கே அனுப்புங்கள் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் ஏரி நீரில் பாஸ்பரஸ் வரம்புக்குப் பலமடங்கு மேலே இருக்கிறது. சுத்திகரிக்காமல் அனுப்பினால் சம்பு பரவும், வழக்கின் தீர்ப்பும் மீறப்படும். நீர் வேண்டும் என்பவரும் தூய்மை வேண்டும் என்பவரும் இப்படியே பல ஆண்டுகள் எதிரெதிரே நின்றார்கள். வேளாண் பகுதியின் தென்கோடியில் இப்போது எழும் நீர்த்தேக்கம் இந்தப் பிணக்கைத் தீர்க்கும் முயற்சி. அதன் கொள்ளளவு சுமார் 10 டி.எம்.சி., ஏறத்தாழ மூன்று செம்பரம்பாக்கம் ஏரிகள். அதன் பக்கத்திலேயே ஒரு சுத்திகரிப்புச் சதுப்பும் சேர்த்துத் திட்டமிடப்பட்டது. நீரும் சத்தும் ஒரே வரைபடத்தில் வந்த இந்தத் திட்டத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் அதன் பயன் தெற்கே உள்ள சதுப்புக்கு மட்டுமே. நடுவிலுள்ள கரும்பு வயல்களின் மண் இன்றும் ஆண்டுதோறும் கரைந்துகொண்டிருக்கிறது. அதன் கார்பன் காற்றுக்கும் அதன் சத்து கால்வாய்க்கும் போகின்றன. ஊற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடையின் கடைசியில் வடிகட்டி வைத்திருக்கிறோம்.

அந்த வயல்களில் நீர்மட்டத்தை உயர்த்தச் சொன்னால், ஏழைகளின் பிழைப்பில் கைவைப்பதா என்று கேட்பார்கள். ஏரிக்கரை ஊர்களில் வறுமை உண்மை. கரும்பு ஆலையும் காய்கறிப் பண்ணையும் அங்கே வேலை தருவதும் உண்மை. ஆனால் அந்த வேலையை அழித்துக்கொண்டிருப்பது நீர் அல்ல, நீரின்மை. வேளாண் பகுதியின் பல வயல்களில் கறுப்பு மண் மெலிந்து, அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறை கிட்டத்தில் வந்துவிட்டது. பாறையின் மேல் கரும்பு நடக்காது. மாற்று வழி இல்லாமலும் இல்லை. கரும்புக்கு இடையே கோடையில் வயலை மூழ்கவைத்து நெல் பயிரிடும் பண்ணைகள் பெல் கிளேட் சுற்றுவட்டாரத்தில் இப்போதே இருக்கின்றன. பயிரில்லாக் காலத்தில் வயலில் நீர் கட்டிவைப்போரும் உண்டு. இரண்டும் மண் கரைவதைத் தளர்த்துகின்றன. கனால் பாயின்ட்டிலுள்ள அமெரிக்க வேளாண் துறையின் கரும்பு ஆய்வு நிலையத்தார் உயர்ந்த நீர்மட்டத்தைத் தாங்கும் கரும்பு ரகங்களை நீண்டகாலமாகச் சோதித்து வருகிறார்கள். விளைச்சலில் சிறு இழப்பு வரலாம். அதை ஈடுகட்டப் பொதுப்பணம் தருவது, பின்னர் கோடிக்கணக்கில் செலவிட்டு வடிகட்டுவதைவிட மலிவு.

சட்டம் இதைச் செய்யாது என்றும் நான் நம்பவில்லை. 1990-களின் நடுவிலிருந்து இந்த வேளாண் பகுதி, தன் பாஸ்பரஸ் வெளியேற்றத்தை அதற்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற விதியின்கீழ் இயங்குகிறது. நீண்டகாலச் சராசரியில் அதைவிடக் கூடுதலாகவே குறைத்துக் காட்டியிருக்கிறது. எதிர்த்த விவசாயிகளே வாய்க்கால் சேற்றை அள்ளினார்கள், நீரேற்றும் முறையை மாற்றினார்கள், மண்ணைச் சோதித்து உரமிட்டார்கள். ஓர் எண்ணை எழுதி, அதை அளந்து, அதற்குப் பொறுப்பாக்கினால் நிலம் மாறும் என்பதற்கு அவர்களே சான்று. அதே விதியில் பாஸ்பரஸுக்குப் பக்கத்தில் வயலின் நீர்மட்டத்துக்கும் ஓர் எண் எழுதப்பட வேண்டும். மண் இன்னும் மிஞ்சியிருக்கும்போதே எழுதப்பட வேண்டும்.